சீமாட்டி எந்தப் பக்கம் பார்த்தாள்?

அத்தியாயம் ஏழு

விஷயம் முதலில் மரங்கொத்திக்குத்தான் தெரிந்தது. வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு அது சோல் வெர்டே குடியிருப்பின் வாசலில் நின்ற முப்பதடிக் கள்ளியில் வந்து உட்கார்ந்து, கூடு குடையலாம் என்று நாலு கொத்து கொத்தியது. நாலாவது கொத்தில் கையளவு காரை பெயர்ந்து, கீழே படம் எடுத்துக்கொண்டிருந்த பத்திரிகைக்காரரின் தொப்பியில் விழுந்தது. பெயர்ந்த இடத்தில் கோழிக்கூண்டுக் கம்பிவலை தெரிந்தது.

ஏழரை மணிக்கு தியோடோரோ யெஸ்காஸ் கைதானார்.

செய்தியைத் துப்பறிவாளர் ஆர்லீன் பிக்கெட்டிடம் கொண்டுவந்தவன் அவளுடைய உதவியாளன் பீட்டோ. தொப்பியைக் கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சொன்னான்.

"மேடம், எங்க சித்தப்பா ஒரு கள்ளியைத் திருடிட்டாராம். முப்பதடி உயரம், ஆறு டன் கனம். கால்சட்டைப் பையில போட்டுக்கிட்டுப் போயிருப்பார் போல."

ஆர்லீன் இருபத்திரண்டு வருஷம் ஃபீனிக்ஸ் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரார் பேச்சை இணைத்துக் கொடுத்தவள். குரலை வைத்தே ஆளை எடை போட்டுவிடுவாள். பீட்டோவுக்கு உள்ளே பயம் ஏற ஏற வெளியே ஜோக் ஏறும் என்பது அவளுக்குப் பாடம். தகப்பன் இல்லாத அவனைத் தூக்கி வளர்த்தவர் தியோடோரோ. அன்று ஃபீனிக்ஸிலிருந்து சோல் வெர்டே வரை இருபத்தெட்டு மைலும் அவன் வாய் மூடவில்லை.

நடுநடுவே விவரமும் சொன்னான். அரசாங்கத்தின் தகரப் பட்டை கட்டாமல் இந்த மாநிலத்தில் எவனும் சகுவாரோ கள்ளியைப் பெயர்க்க முடியாது. பெயர்த்தால் ஜெயில். முப்பது வருஷமாகக் கள்ளி பெயர்க்கும் உரிமம் வைத்திருப்பவர் தியோடோரோ. போன அக்டோபரில் இந்தக் கள்ளியைக் கொண்டுவந்து வாசலில் நட்டவரும் அவர்தான். கை மாதிரி நீட்டிய ஐந்து கிளையும் இடுப்பு வளைவுமாக அது நின்ற நிலையைப் பார்த்து கம்பெனிக்காரர்கள் 'சீமாட்டி' என்று பெயர் வைத்தார்கள். விளம்பரத் தாளில் அவள், தீப்பெட்டியில் அவள், விற்பனைப் பெண்களின் கழுத்துத் துணியில்கூட அவள். வரும் சனிக்கிழமை திறப்பு விழா. இந்த நேரம் பார்த்து வாசலில் நிற்பது காரைப் பொம்மை என்று ஒரு பறவை காட்டிக் கொடுத்துவிட்டது. அவ்வளவு பெரிய கள்ளியைத் தூக்கும் தொட்டில் லாரி இந்தப் பக்கத்தில் தியோடோரோவிடம் மட்டும்தான் இருக்கிறது. ஆகவே அவர்தான் திருடினார், கலிஃபோர்னியாவுக்கு விற்றார் என்று விற்பனைத் தலைவர் டுவைட் ஆஸ்ட்ராண்டர் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார்.

"பன்னிரண்டு மணிக்கு ஃபீனிக்ஸ் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. அங்க போய்ட்டா உரிமம் போச்சு. கள்ளியைத் தொடக்கூடாதுன்னா சித்தப்பா என்ன செய்வார், மேடம்? முட்டைக்கோஸ் நடுவாரா?"

மணி அப்போது ஒன்பதேகால்.

வாசலில் போலீஸ் கார் நின்றது. பின் சீட்டில் தியோடோரோ, மடியில் தொப்பியை வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். கைது செய்த போலீஸ் டெபுடி ஓரின் டாக்கெட் காருக்கு வெளியே நிழல் தேடிக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் நிழல் என்று இருந்தது பொம்மைக் கள்ளியுடையது மட்டும்தான். அதில் நிற்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

ஆர்லீன் கார் ஜன்னலில் குனிந்து கேள்வி கேட்டாள். கடைசியாக எப்போது பார்த்தார், யார் மேல் சந்தேகம், லாரி எங்கே. தியோடோரோ எல்லாவற்றுக்கும் தலையைத்தான் ஆட்டினார். எதையோ மென்றுகொண்டு துப்பவும் மாட்டாமல் விழுங்கவும் மாட்டாமல் இருக்கும் மௌனம் அது. எக்ஸ்சேஞ்சில் அந்த மாதிரி மௌனத்தை அவள் நிறையக் கேட்டிருக்கிறாள். யாரையோ காப்பாற்றுகிறவர்கள்தான் போனில் அப்படிச் சும்மா இருப்பார்கள்.

அவள் நிமிரும் நேரத்தில் அவர் ஒன்றே ஒன்று சொன்னார்.

"சீமாட்டி எந்தப் பக்கம் பார்க்கறாள்னு பாருங்கம்மா."

"போச்சு," என்றான் பீட்டோ. "வெயில் தலைக்கு ஏறிடுச்சு. பைத்தியம்னு சொல்லி வெளிய எடுத்துடலாமா, மேடம்?"

வாசலை ஒட்டிய முதல் வீட்டிலிருந்து ஒரு கிழவியம்மாள் தட்டில் எலுமிச்சைச் சாற்றோடு வந்தாள். மினசோட்டாவிலிருந்து ஜனவரியில் வந்து குடியேறிய டோர்டிஸ் ஹாகன். சோல் வெர்டேயின் முதல் குடி, இன்றைய தேதிக்கு ஒரே குடி. டெபுடிக்கு ஒரு டம்ளர், கைதிக்கு ஒரு டம்ளர், பத்திரிகைக்காரருக்கு ஒரு டம்ளர். கைதியிடம் கொடுக்கும்போது மட்டும் "மிஸ்டர் யெஸ்காஸ், சர்க்கரை போதுமா?" என்று கேட்டாள். கொடுத்து முடித்ததும் விட்ட இடத்துக்குத் திரும்பிப் போய், குழாயை எடுத்துத் தன் வீட்டு முன்புறத்துக்குத் தண்ணீர் விட ஆரம்பித்தாள். அங்கே இருந்தது சரளைக் கல். புல் மாதிரி தெரியட்டும் என்று கம்பெனியார் அதற்குப் பச்சைச் சாயம் அடித்திருந்தார்கள்.

"பாட்டிம்மா, அது கல்லு. வளராது," என்றான் பீட்டோ.

"தெரியும் தம்பி. ஆனா வாடின மாதிரி இருந்துச்சு."

ஆர்லீன் பொம்மைக் கள்ளியை ஒரு சுற்று சுற்றி வந்தாள். மேலே நீலமாக ஒரு புள்ளிகூட இல்லை. தியோடோரோ கள்ளியைப் பெயர்க்கும் முன் வடக்குப் பக்கத்தில் நீலப் புள்ளி வைப்பார், நடும்போது அந்தப் புள்ளி மறுபடி வடக்கைத்தான் பார்க்க வேண்டும் என்று பீட்டோ சொன்னான். தெற்குத் தோல் நூறு வருஷம் வெயில் தின்று தடித்த தோல். மாற்றி நட்டால் கள்ளி வெந்து செத்துவிடும்.

"நட்டப்போ நீ கூட இருந்தியா?"

"இருந்தேனே. அந்த நீளமான கைதான் என் தொப்பியைத் தட்டிவிட்டுச்சு. தொப்பி போய் அதோ, பாட்டி வீட்டு வாசல்ல..." பீட்டோ நிறுத்தினான். நீளமான கை இப்போது பாட்டி வீட்டுப் பக்கம் இல்லை. எதிர்ப்பக்கம், விற்பனை மண்டபத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. "மேடம், இது கையை மாத்தி நிக்குது."

"எல்லாக் கையுமா?"

எல்லாக் கையும்தான். இடது வலதாகி, வலது இடதாகி, முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி நின்றாள் சீமாட்டி.

விற்பனை மண்டபத்தில் குளிர்சாதனம் போட்டிருந்தார்கள். ஆஸ்ட்ராண்டர் ஓடிவந்து கையைப் பிடித்துக் குலுக்கி, நடந்ததற்கு வருத்தப்பட்டு, சனிக்கிழமை ஐயாயிரம் பேர் வருவார்கள் என்று சந்தோஷப்பட்டு, எல்லாம் ஒரே மூச்சில் செய்தார். இடது மார்புப் பையில் மூன்று பேனா. ஆர்லீன் ஒரு விளம்பரத் தாளைக் கையில் எடுத்தாள். அதில் சீமாட்டியின் பக்கத்தில் இதே ஆஸ்ட்ராண்டர் சிரித்துக்கொண்டிருந்தார். மூன்று பேனாவும் வலது மார்பில் இருந்தன.

அவள் தாளை பீட்டோவிடம் நீட்டினாள். அவன் தாளைப் பார்த்தான், ஆளைப் பார்த்தான், மறுபடி தாளைப் பார்த்தான்.

"இவரும் கை மாறி நிக்கறாரே. இவரையும் காரையிலயா செஞ்சிருக்காங்க?"

படத்தை ஏன் திருப்பிப் போட்டீர்கள் என்று ஆர்லீன் சாதாரணமாகக் கேட்டாள். ஆஸ்ட்ராண்டர் பெருமையாகவே பதில் சொன்னார். சீமாட்டியின் நீண்ட கை 'இனி இதுவே உங்கள் ஊர்' என்ற எழுத்தைச் சுட்டிக் காட்ட வேண்டும். நேராகப் போட்டால் அது காகிதத்துக்கு வெளியே காட்டியது. அதனால் அச்சகத்தில் சொல்லித் திருப்பிவிட்டார்.

ஆர்லீன் பீட்டோவைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

"யோசி. ஒரு திருடன் முன்னாடியே பொம்மை செஞ்சு வச்சுக்கிட்டா, எதைப் பார்த்துச் செய்வான்?"

"வாசல்ல நிக்கறதைப் பார்த்து."

"இந்தப் பொம்மையைச் செஞ்சவன் விளம்பரத் தாளைப் பார்த்துச் செஞ்சிருக்கான். ஏன்?"

பீட்டோ முதல் தடவையாக ஜோக்கடிக்காமல் பதில் சொன்னான். "ஏன்னா அப்போ வாசல்ல அவள் இல்ல."

"இல்லாம போனப்புறம் அவசரமா ஒரு பொம்மை. திருடினவனுக்கு அந்த அவசரம் எதுக்கு? அவன் பாட்டுக்குப் போயிருப்பான். விழா வச்சிருக்கறவனுக்குத்தான் அவசரம். இது திருட்டு இல்ல பீட்டோ. சாவு. சாவை மூடி மறைச்சிருக்காங்க."

"அப்போ பொணம்?"

"முப்பதடிப் பொணம். எங்க போட்டிருப்பாங்கன்னுதான் தெரியலை."

மண்டபத்தின் நடுவில் ஒரு மேஜை. மேஜை என்று சொல்வது மரியாதைக் குறைவு, இரண்டு படுக்கையறை அகலம் இருந்தது. அதன் மேல் முழு சோல் வெர்டேயும் பொம்மையாக: வட்டம் வட்டமாகத் தெருக்கள், தீப்பெட்டி அளவில் இரண்டாயிரம் வீடுகள், கடற்பஞ்சில் மரங்கள், நீலக் கண்ணாடியில் ஏரி, பச்சை வெல்வெட்டில் கோல்ஃப் மைதானம். ஆர்லீன் அதன் முன் நின்று ஆச்சரியப்பட்டாள். எக்ஸ்சேஞ்சில் கற்ற ஆச்சரியம் அது. எதிராளியை அரைமணி பேச வைக்கும்.

ஆஸ்ட்ராண்டர் பேசினார். பத்திரிகைக்காரரும் டெபுடியும் குளிர்ச்சிக்காக உள்ளே வந்திருந்ததால் குரலை உயர்த்தியே பேசினார். மற்ற ஊர்கள் கண்டபடி வளருகிறவை, இது வரைந்து வைத்துக் கட்டுகிற ஊர் என்றார். இந்த மேஜையில் இருப்பது வெளியே இருக்கும், வெளியே இருப்பது இந்த மேஜையில் இருக்கும் என்றார். கடைசியில் மேஜையைத் தட்டி, "இதுல இல்லாத ஒரு கூழாங்கல்லை வெளியில காட்டுங்க, நான் தின்னுடறேன்," என்றார்.

பீட்டோ ஜன்னலோரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். கோல்ஃப் மைதானம் ரொட்டி தட்டிப் போட்ட மாதிரி தட்டையாகக் கிடந்தது. ஒரே ஓர் இடம் தவிர.

"சார், தப்பா நினைக்காதீங்க," என்றான். "ஐந்தாம் குழிகிட்ட ஒரு மேடு இருக்கே, அது மேஜைல எங்க இருக்கு? எனக்குக் கண்ணு கொஞ்சம் மந்தம்."

எல்லோரும் மேஜையைப் பார்த்தார்கள். வெல்வெட் சப்பையாக இருந்தது. எல்லோரும் ஜன்னலுக்குப் போனார்கள். வெளியே ஒரு நீளமான மேடு. முப்பது, முப்பத்திரண்டு அடி இருக்கும். பக்கவாட்டில் இந்தப் புறம் மூன்று, அந்தப் புறம் இரண்டு என்று சின்னச் சின்னப் புடைப்புகள். நடுவில் மண் உள்வாங்கியிருந்தது. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு யாரோ மல்லாக்கப் படுத்திருக்கிற மாதிரியே இருந்தது.

ஆஸ்ட்ராண்டர் அது பிறகு சேர்த்தது, விளையாட்டுக்குச் சுவாரசியம் கூட்ட, என்றார். அப்படியானால் மேஜை தப்பா என்று பத்திரிகைக்காரர் பென்சிலை எடுத்தார். மேஜை தப்பில்லை என்றார் ஆஸ்ட்ராண்டர். அப்படியானால் மேடு தப்பா என்றார் டெபுடி. ஆஸ்ட்ராண்டர் எங்காவது பிடித்துக்கொள்ளலாம் என்று பின்னால் கையை ஊன்றினார். ஊன்றிய இடம் ஏரி. நீலக் கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டது.

"ஓரின்," என்றாள் ஆர்லீன். "மணி பத்து நாற்பது. கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு கால்மணி நேரம் மண்ணைத் தோண்டிப் பார்த்தா உனக்கு என்ன நஷ்டம்? மேட்டுக்குள்ள ஒண்ணும் இல்லைன்னா நானே உன் கார்ல ஏறிக்கறேன்."

"நீங்க ஏறினா வழி முழுக்கப் பேசுவீங்க, ஆர்லீன்," என்றார் டெபுடி. ஆனாலும் தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

கம்பெனியின் மண்வாரி இயந்திரம் ஏரிக்கரையில் நின்றது. பீட்டோ யாரையும் கேட்காமல் ஏறி உட்கார்ந்தான். முதல் வாரலில் புல் பாயாகச் சுருண்டு வந்தது, ஒட்டவைத்த புல். இரண்டாவது வாரலில் அழுகிய பூசணி வாடை வந்தது. மூன்றாவதில் கழிகள் தெரிந்தன. செத்த சகுவாரோவுக்கு உள்ளிருக்கும் மர விலா எலும்புகள். தொங்கிய தோல் ஒன்றில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு, நீலப் புள்ளி.

பீட்டோ இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் குழிக்குள் குதித்தான். முழங்கால்வரை சேறு. ஜோக் எதுவும் சொல்லவில்லை. அடித்தண்டு இருந்த இடத்தில் கையை விட்டுத் துழாவி, கம்பியோடு ஒரு தகரப் பட்டையை இழுத்து எடுத்துச் சட்டையில் துடைத்தான்.

"நாலு ஒண்ணு ஒண்ணு ஏழு," என்று படித்தான்.

டெபுடி புகாரோடு இணைத்திருந்த சீமாட்டியின் உரிமச் சீட்டை விரித்துப் பார்த்தார். நாலு, ஒன்று, ஒன்று, ஏழு. காகிதத்தை மடித்தார். பிறகு ஆஸ்ட்ராண்டரின் முகத்தைப் பார்த்தார்.

அந்த மனிதர் அதற்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை. இரண்டு வாரத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, ஊர் விழிக்கும் முன் வந்து பார்த்தால் சீமாட்டி சாலைக்குக் குறுக்கே விழுந்து கிடந்தாள். பீப்பாய் உடைந்த மாதிரி அவளுக்குள்ளிருந்து தண்ணீர் ஓடியிருந்தது. ஐயாயிரம் பேர் வரப்போகிறார்கள், வாசலில் பள்ளம். நீச்சல் குளம் பூசுகிற ஆட்களைக் கூப்பிட்டு விளம்பரத் தாளைக் கையில் கொடுத்தார். விழா அலங்காரம் என்று சொல்லிச் சுற்றிலும் தார்ப்பாய் கட்டி, மூன்றே நாளில் எழுப்பிவிட்டார்கள். யாரும் கண்டுபிடிக்கவில்லை. இந்தப் பாழாய்ப்போன பறவை மட்டும் வராமல் இருந்திருந்தால் யார் மேலும் பழி போட வேண்டிய அவசியமே வந்திருக்காது என்று அவர் சத்தியம் செய்தார். எப்படி விழுந்தாள் என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

"புல்தரைக்குத் தண்ணி விட்டு விட்டுச் சாகடிச்சிருப்பீங்க," என்றாள் ஆர்லீன்.

"வாசல்ல இன்னும் தண்ணியே வரலைங்க. குழாயைச் சனிக்கிழமைதான் திறக்கறோம். வேணும்னா தோண்டிப் பாருங்க, எல்லாம் காஞ்ச குழாய்."

அதில் பொய்யின் சத்தம் இல்லை. ஆர்லீன் கணக்குப் போட்டாள். மழை கண்டால் சகுவாரோ மடிப்பெல்லாம் விரித்துக் குடித்துக்கொள்ளும். நிறுத்தத் தெரியாது, அளவு மீறினால் அழுகி, கனம் தாங்காமல் சாய்ந்துவிடும். பிப்ரவரியிலிருந்து மழை இல்லை. வாசலில் குழாய்த் தண்ணீரும் இல்லை. அப்படியானால் யார்?

அவள் கண் தானாகத் திரும்பி, தூரத்தில் ஈரமாக மின்னிய பச்சைச் சரளைக் கல்லில் போய் நின்றது.

தியோடோரோவைக் காரிலிருந்து இறக்கி அழைத்துவந்திருந்தார்கள். அவர் குழிக்கு முன் தொப்பியை மார்பில் வைத்துக்கொண்டு நின்றார். விழுந்த காரணம் என்னவாக இருக்கும், நிபுணர் நீங்களே சொல்லுங்கள், வேண்டுமென்று யாராவது சாகடித்திருந்தால் அது தனிக் குற்றம் என்று டெபுடி பென்சிலோடு கேட்டார். ஆர்லீன் வாயைத் திறந்தாள். தியோடோரோ அவளை ஒரே ஒரு பார்வை பார்த்தார்.

"வயசு சார்," என்றார். "நூத்தியெழுபது இருக்கும். வயசானவங்க ஒரு நாள் விழுந்துடுவாங்க."

டெபுடி 'வயது' என்று எழுதிக்கொண்டார். சரியாகப் பன்னிரண்டு மணிக்கு அந்தக் கார் ஃபீனிக்ஸ் போனது. பின் சீட்டில் ஆள் மட்டும் மாறியிருந்தார். மூன்று பேனாவும் இடது மார்பில் இருந்தன.

கார் கிளப்பிய தூசி அடங்குவதற்குள் டோர்டிஸ் ஹாகன் அடுத்த சுற்று எலுமிச்சைச் சாற்றோடு வந்துவிட்டாள். தியோடோரோ வெளியே வந்ததில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். இங்கே வந்த நாளிலிருந்து யாரிடமும் சொல்லாத ஒரு கவலையை இவர்களிடம் சொல்லலாம் என்று அவளுக்குத் தோன்றியது. வாசல் கள்ளி பாவம், அதற்கு ஒரு சொட்டுத் தண்ணீர் விட நாதியில்லை. மனசு கேட்காமல் தினமும் சாயங்காலம் நாலு வாளி ஊற்றிக்கொண்டிருக்கிறாள். மிஸ்டர் யெஸ்காஸ் மார்ச்சில் ஒரு நாள் பார்த்துவிட்டு வேண்டாம் என்றுதான் சொன்னார். அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

"பத்து நாளா அது சரியாவே குடிக்க மாட்டேங்குது," என்றாள். "ஊத்தினா வழிஞ்சு ஓடிடுது. உடம்புக்கு முடியலையோ என்னவோ. ஒரு நாள் காலையில பார்த்தா திரும்பி வேற நின்னுது. அதுல எனக்கு ஆச்சரியம் இல்ல. ஒரே பக்கமா எத்தனை நாள்தான் நிக்கும்? நாமளும் புரண்டு படுக்கறதில்லையா?"

பீட்டோவுக்கு எலுமிச்சைச் சாறு மூக்கில் ஏறிவிட்டது. ஆர்லீன் அவன் முதுகில் இரண்டு தட்டு தட்டினாள். தேவைக்கு மேலேயே பலமாகத் தட்டினாள்.

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியும்," என்றாள் தியோடோரோவிடம், மெதுவாக. "ஜெயிலுக்கே போயிருப்பீங்களா?"

"நீங்க வந்துட்டீங்களேம்மா. எந்தப் பக்கம் பார்க்கறாள்னு மட்டும்தான் நான் சொல்ல முடிஞ்சுது. அதுக்கு மேல சொன்னா இவங்க பேரு வரும்." அவர் டம்ளரைக் காலி செய்தார். "இந்த ஊர்ல என்னை எல்லாரும் 'ஏய் கள்ளிக்காரா'ன்னுதான் கூப்பிடுவாங்க. இவங்க ஒருத்தங்கதான் முதல் நாளே பேரு கேட்டாங்க."

டோர்டிஸ் ஹாகனுக்கு இது எதுவும் காதில் விழவில்லை. அவள் காரைப் பொம்மையைக் கவலையோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மரங்கொத்தி திரும்பி வந்து, பெயர்ந்த ஓட்டைக்குள் தலையை விட்டு இடம் எப்படி என்று பார்த்துக்கொண்டிருந்தது.

"இதுக்கு நான் தண்ணி ஊத்தறதை நிறுத்தணுமா, மிஸ்டர் யெஸ்காஸ்? உண்மையைச் சொல்லுங்க."

தியோடோரோ போய்ப் பொம்மையின் மேல் கை வைத்து, மடிப்பு மடிப்பாகத் தடவி, வைத்தியர் மாதிரி நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு தலையில் தொப்பியை வைத்துக்கொண்டார்.

"இவளுக்கு எவ்வளவு வேணும்னாலும் ஊத்துங்கம்மா," என்றார். "இவள் தாங்குவாள்."

அன்று சாயங்காலமே அவள் ஆறு வாளி ஊற்றினாள்.